செய்மதிப் படங்களில் மன்னார்த் தீவு

இலங்கையின் வடமேற்கே மன்னார்த் தீவும், அதற்குத் தெற்கே பெருநிலத்தில் உள்ள முசலிக் கரையும், தனுஷ்கோடியை நோக்கி நீளும் மணல் தீடைகளும் விண்வெளியிலிருந்து படமாக்கப்பட்ட வரலாறு இக்கட்டுரையின் பொருள். அப்படங்களை யார் எப்படி வாசித்தார்கள் என்பதும் இதில் அடங்கும். உலகில் செய்மதிப் படம் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்ட இடங்கள் பல உண்டு. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில், மத நம்பிக்கை, காணி உரிமை, காடு, காற்றாலை என இத்தனை வழக்குகளுக்கு அது இழுக்கப்பட்ட இடங்கள் மிகக் குறைவு.

தீவின் நீளம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணை. சோளகக் காற்று ஒரு பக்கத்திலிருந்தும் வாடைக் காற்று மறுபக்கத்திலிருந்தும் மணலைத் தள்ளுவதால் கரைகளும் தீடைகளும் ஆண்டுதோறும் உருமாறுகின்றன. இக்கட்டுரையின் முடிவில் வரும் தாராபுரம், மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் செல்லும் வழியில் உள்ள முஸ்லிம் ஊர். கணினியில் இப்பெயரைத் தேடுவோர் மன்னார் என்றும் சேர்த்துத் தேட வேண்டும்; இல்லையேல் திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரத்தில் போய் நிற்க நேரும்.

செய்மதிக்கு முன் இக்கரையை வரைந்தவர்கள் அளவையாளர்கள். இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகுமுன்பே கடலடியை மனத்தில் வரைந்து வைத்திருந்தவர்கள் சிலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவத்தில் கடலில் இறங்கியவர்கள். முசலிக் கரையின் அரிப்புக்கும் மறிச்சுக்கட்டிக்கும் எதிரே கிடக்கும் முத்துப் படுகைகளைப் பெரியபார், சேவல்பார் என்று பெயரிட்டு அறிந்திருந்தார்கள். சாதாரண ஒளிப்படச் செய்மதி இன்றும் தெளிந்த, ஆழமற்ற நீரின் அடியை மட்டுமே காட்டும். ஆழம் கூடக்கூட எல்லாம் ஒரே நீலம்.

1966 செப்டெம்பரில் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து சார்ல்ஸ் கொன்ராட், ரிச்சர்ட் கோர்டன் இருவரும் எடுத்த படம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டு நிலங்களுக்கும் இடையே மெல்லிய வெளிர் கோடாக மன்னாரும் தீடைகளும் தெரிகின்றன. 1972இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாற் அப்படிப்பட்ட காட்சியை வழமையாக்கியது. 1984இல் சென்ற லாண்ட்சாற் 5, பக்கத்துக்கு 30 மீற்றர் கொண்ட படப்புள்ளிகளில் நிலத்தைப் பதிந்தது. ஒரு புள்ளி என்றால் 900 சதுர மீற்றர், சுமார் 35 பேர்ச்சஸ். ஒரு வீடு, கிணறு, நாலைந்து பனை, வேலி எல்லாம் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இந்த அளவுக் கணக்கை மனத்தில் வைத்தே 1990ஐப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர் ஊரிழந்தார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்களும் வெறுமையாயின. பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். மேலே செய்மதிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆளில்லாத வீடும் ஆளுள்ள வீடும் 30 மீற்றர் புள்ளியில் ஒன்றே. ஒரு சமூகத்தின் மிகப் பெரிய இழப்பு, அக்காலத்துப் பொதுப் பதிவில் கண்ணுக்குத் தெரியும் தடம் எதையும் விடவில்லை. தடம் பின்னால்தான் வந்தது, அதுவும் பச்சை நிறத்தில்.

1999இல் ஐக்கோனொஸ் செய்மதி ஒரு மீற்றர் துல்லியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2005 யூனில் கூகுள் ஏர்த் வெளியானதும் வீட்டுக் கூரையை எவரும் தேடிப் பார்க்கலாம் என்றாயிற்று. 2009இல் அதில் பழைய படங்களைக் காலவரிசையில் பார்க்கும் வசதி சேர்ந்தது. அதே ஆண்டு இந்திய விண்வெளி நிறுவனம் புவன் தளத்தைத் தொடங்கியது. 2009இன் இறுதிப் போரின்போது முல்லைத்தீவுக் கரையின் படங்களை ஐ.நா.வின் யுனோசாற் ஆராய்ந்தது. மனித உரிமை விசாரணைகளில் இப்படங்கள் இடம்பெறத் தொடங்கிவிட்டன.

தீடைகளின் கதை தனி. 2002இல், நாசா படங்கள் 17.5 இலட்சம் ஆண்டுப் பழைமையான, மனிதர் கட்டிய பாலத்தைக் காட்டுவதாக இணையத்தில் செய்தி பரவியது. தீடைகளினூடே கப்பல் கால்வாய் வெட்டும் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கப்பட்டு, 2007இல் விவகாரம் இந்திய உச்ச நீதிமன்றத்தில் சூடுபிடித்தபோதும் அப்படங்களே எடுத்துக்காட்டப்பட்டன. தொலையுணர்வுப் படத்தைக் கொண்டு தீவுத் தொடரின் வயதையோ தோற்றத்தையோ சொல்ல முடியாது என்று நாசா விளக்கியது. இது இராமர் கட்டிய பாலம் என்ற நம்பிக்கைக்கு மதிப்புண்டு, அதற்குப் படத்தைச் சான்றாக்குவது படத்துக்குச் செய்யும் அநீதி. 2024இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு செய்மதியின் உண்மையான பலத்தைக் காட்டியது. ஐஸ்சாற் 2 செய்மதியின் பச்சை லேசர் கதிர் நீருக்குள் இறங்கித் திரும்புவதை அளந்து, 29 கிலோமீற்றர் தொடரின் கடலடி வடிவத்தை வரைந்தார்கள். தொடரின் 99.98 வீதம் ஆழங்குறைந்த நீரில் மூழ்கியிருப்பதும், 2 முதல் 3 மீற்றர் ஆழமுள்ள 11 குறுகிய கால்வாய்கள் இருப்பதும் தெரியவந்தன.

முசலியில் படம் தவறாக வாசிக்கப்பட்டதன் விலையை மக்கள் கொடுத்தார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்கள் 1990க்குப் பின் பல ஆண்டுகள் ஆளற்றுக் கிடந்து காடேறின. 2012இல் வெளியான வர்த்தமானி இப்பகுதியின் பெரும் பரப்பை ஒதுக்கக் காடாக்கியது. களத்துக்கு வராமலே கருவிகளைக் கொண்டு எல்லை இடப்பட்டது என்பது ஊர்மக்களின் குற்றச்சாட்டு. அவர்கள் திரும்பிவந்து காணியைத் துப்புரவாக்கியபோது, அருகிலுள்ள வில்பத்து தேசியப் பூங்கா அழிகிறது என்ற குரல் 2015இல் நாடெங்கும் எழுந்தது. சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால் பச்சை பழுப்பாவதுதான் தெரியும். ஒப்பிட வேண்டியதோ 1990க்கு முந்திய படத்தோடு. அதோடு காணி உறுதி, பள்ளிவாசல் அத்திவாரம், தூர்ந்த கிணறு, நட்டு வளர்த்த புளிய மரம் ஆகியவற்றையும் நிலத்தில் பார்க்க வேண்டும். அதே பழைய படம், ஊர் எல்லையைத் தாண்டி வெட்டப்பட்ட காட்டையும் காட்டிக்கொடுக்கும். சூழலியலாளரின் கவலையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2017இல் இப்பகுதிக் காடுகளை மாவில்லு என்ற பெயரில் பாதுகாக்கும் வனப் பிரகடனம் வந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இப்பகுதியின் கல்லாறு வனத்தில் நடந்த வெட்டலைச் சட்டவிரோதம் என்று கூறி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நடப் பணித்தது.

இன்று தீவைப் பெரிதாக்கிப் பார்த்தால் 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார்ப் புகையிரதப் பாதை நேர்கோடாகத் தெரியும். தெற்குக் கரை நெடுகத் தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன, 103.5 மெகாவாற் கொள்ளளவுடன் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டவை. மேலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரம் சிறு வெள்ளைப் புள்ளி. மணலில் நீண்டு விழும் இறக்கைகளின் நிழலே அதைக் காட்டித்தரும். பனையையும் அப்படி நிழலைக் கொண்டே அடையாளம் காணலாம். காற்றாலைகளுக்கான வீதிகள் மழைநீரின் வழியை மறிக்கின்றன என்பது தீவு மக்களின் முறைப்பாடு. புதிய காற்றாலைகளை எதிர்த்து 2025 ஓகஸ்டில் மன்னாரில் போராட்டமும் நடந்தது. இம்முறைப்பாடு சோதித்துப் பார்க்கக் கூடியது. ஐரோப்பாவின் சென்டினல் 2 செய்மதிகள் சுமார் 5 நாளுக்கு ஒருமுறை 10 மீற்றர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாரிக்குப் பின் முகிலில்லாத நாளொன்றில் எந்த ஊரில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வீதி வருமுன் அங்கே நிலை எப்படி இருந்தது என்று தாராபுரத்துப் பாடசாலை மாணவர்களே ஒப்பிட்டுக் குறிக்கலாம்.