பல்தேர்வும் பல் வைத்தியமும்: நாவற்குடாவிலிருந்து பேராதனை வரை

இலங்கையில் பல் வைத்தியராக வர விரும்பும் மாணவிக்கென்று தனியான அனுமதிப் பரீட்சை கிடையாது. அவள் எழுதுவது எல்லோரும் எழுதும் க.பொ.த. உயர்தரம். மருத்துவம், பல் வைத்தியம், மிருக வைத்தியம், விவசாயம் யாவற்றுக்கும் உயிரியல் பிரிவின் அதே வினாத்தாள்கள்தாம். எந்தப் பீடம் என்பதைப் பரீட்சை முடிந்து பல மாதங்களின் பின்னர் வரும் வெட்டுப்புள்ளியே தீர்மானிக்கிறது. ஆகவே பல் வைத்தியத்துக்குப் படித்த கதை என்பது, எமது ஊர்ப் பெண்கள் விஞ்ஞானம் படித்த கதையேயாகும். நாவற்குடாவைச் சேர்ந்த பழைய மாணவியராகிய நாங்கள் அக்கதையை இம்மலருக்கென எழுத முன்வந்தோம். பெறுபேறு வரும் ஒவ்வொரு வருடமும் "பல் வைத்தியந்தானா கிடைத்தது?" என்ற ஒரு கேள்வி இன்னமும் கேட்கப்படுகிறது. அக்கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

எமது சங்கம் தோன்றிய காலத்தில் கல்லடிப் பாலம் புதிது. 1924இல் அது திறக்கப்படும்வரை, வாவிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள எமது மணற்றிட்டிலிருந்து பட்டினத்துக்குச் செல்லத் தோணியே துணை. பாலம் வந்தபின் பெண் பிள்ளைகள் பட்டினத்துப் பாடசாலைக்குப் போவது இலகுவாயிற்று. ஆயினும் அக்காலத்துப் பெண்கள் பாடசாலைகளில் விஞ்ஞானம் என்றால் பெரும்பாலும் தாவரவியலும் சுகாதாரமும்தாம். பௌதிகமும் இரசாயனமும் ஆண் பிள்ளைகளுக்குரியவை என்று கருதப்பட்டன. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்காவிலே லூசி ஹொப்ஸ் ரெய்லர் 1866இல் பல் வைத்தியப் பட்டம் பெற்று, உலகில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் ஆனார். கல்கத்தாவில் டொக்டர் ரபியுதீன் அகமதுவின் பல் மருத்துவக் கல்லூரியில் பாத்திமா ஜின்னா 1920களின் தொடக்கத்தில் படித்தார். பெண்களால் இத்தொழில் ஆகாது என்று சொல்ல அப்போதே எவருக்கும் நியாயம் இருக்கவில்லை. எமது பிள்ளைகளிடம் இல்லாதிருந்தது ஆய்வுகூடமும் ஆசிரியரும்.

இந்நாட்டில் பல் வைத்தியப் பட்டக் கல்வி 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகிய மறுவருடம், கொழும்பில் ஆரம்பமாயிற்று. 1950களில் அது பேராதனைக்கு இடம் மாறியது. அதன்பின் பல தசாப்தங்களாக முழு நாட்டுக்கும் அந்த ஓரிடமே இருந்தது. மருத்துவ பீடங்கள் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், காலி என ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகியபோதும் பல் வைத்தியத்துக்குப் பேராதனையைத் தவிர வேறு வாசல் கிடையாது. அண்மைக் காலத்திலேதான் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் அப்பீடம் வந்தது. இடங்கள் சிலவாகவும் கேட்போர் பலராகவும் இருந்தமையால் வெட்டுப்புள்ளி எப்போதும் மருத்துவத்தின் காலடியிலேயே நின்றது. மருத்துவம் தவறியவளுக்குக் கிடைப்பது பல் வைத்தியம் என்ற எண்ணம் பிறந்ததும் இந்த எண்வரிசையிலிருந்துதான். தொழிலின் தரத்துக்கும் அந்த வரிசைக்கும் தொடர்பில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களில் விஞ்ஞானப் பாடங்களும் தாய்மொழிக்கு மாறின. பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சையின் இடத்தை உயர்தரப் பரீட்சை எடுத்துக்கொண்டது. தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடங்கள், மொத்தம் 400 புள்ளிகள். அந்த நான்கு பாடங்களையும் படித்த எங்களில் மூத்தவர்களுக்குத் தேரையையும் கரப்பானையும் வெட்டிய நாட்கள் இன்றும் நினைவிலுண்டு. பற்களைப் பற்றி அப்பாடத்திட்டத்தில் இருந்தது முலையூட்டிகளின் பற்சூத்திரம் மட்டுமே. மனிதனுக்கு 32, முயலுக்கு 28 என்று மனனம் செய்தோம். பல் வைத்தியத்துக்கென்று நாங்கள் படித்ததாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்!

1970களின் தொடக்கத்தில் இக்கதையில் ஒரு கசப்பான திருப்பம் ஏற்பட்டது. மருத்துவ, பல் வைத்தியக் கற்கைகளுக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வேண்டும் என்று வெட்டுப்புள்ளிகள் வெவ்வேறாக நிர்ணயிக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. ஒரே நாட்டில், ஒரே பரீட்சையில், எழுதிய மொழிக்கு விலை வைத்தமை எமது தலைமுறையின் மனத்தில் ஆறாத வடுவாயிற்று. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. இதன் விளைவு எல்லாத் தமிழருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து மாணவர் பலர் தமது இடங்களை இழந்தனர். வசதி குறைந்த மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு முன்னர் திறக்காத கதவு சற்றுத் திறந்தது. இன்றும் பெரும்பாலான கற்கைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீடு நடைமுறையில் உள்ளது. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் மட்டக்களப்பும் ஒன்று. அந்த ஒதுக்கீட்டினால் பயனடைந்தவர்கள் எங்களிலும் உள்ளனர். ஆனால் கதவு திறந்தால் போதாது, வாசல் வரை நடந்துபோகும் பலமும் வேண்டும். அந்தப் பலத்தை எமது பிள்ளைகள் தேடிக்கொண்ட விதமே எங்களுக்குப் பெருமை தருவது.

உயர்தர விஞ்ஞானம் படிப்பது ஒரு குடும்பத்தின் வேலையாகவே இருந்தது. எமது பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு வளவு கொடுப்பது வழக்கம். தகப்பன் உழைப்பதெல்லாம் மகளின் வீட்டுக்குக் கல்லும் ஓடும் சேர்க்கவே. அவள் விஞ்ஞானம் படிக்கிறாள் என்றால் அந்தக் காசில் ஒரு பங்கு ரியூசனுக்கும் புத்தகத்துக்கும் போகும். சுவர் எழும்பி, கூரை காணாமல் இரண்டு மாரி நனைந்த வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது விதி. ஆயினும் எங்களில் பலருக்கு வீட்டில் இரண்டு தடவைதான். மூன்றாம் முறைக்குக் கேட்டவளுக்காகப் பெரும்பாலும் அம்மாவோ அம்மம்மாவோதான் வாதாடினார்கள்.

இயற்கையும் போரும் எங்களை விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி தென்னைகளோடு கூரைகளையும் கொண்டுபோனது. 1990 யூனில் மீண்டும் மூண்ட போர் பிள்ளைகளை அகதி முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் விரட்டியது. பாலத்தடிச் சோதனைச் சாவடியில் கொப்பிகளைத் திறந்து காட்டிவிட்டு வகுப்புக்குப் போன வருடங்கள் பல. மின்சாரம் இல்லாத இரவுகளில் குப்பி விளக்கில் படித்து, விடியும்போது மூக்கினுள் கரி படிந்திருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது கடலோர வீடுகளில் உயிர்களோடு சான்றிதழ்களும் வருடக்கணக்கில் சேர்த்த குறிப்புகளும் போயின. தப்பிய பிள்ளைகளுக்குக் குறிப்புகளைக் கையால் பிரதிபண்ணிக் கொடுத்தவர்களும் எமது பிள்ளைகளே. அக்கொப்பிகளில் சில இன்னமும் பத்திரமாக இருக்கின்றன.

பரீட்சையும் காலத்துக்குக் காலம் மாறிற்று. 2000ஆம் ஆண்டிலிருந்து நான்கு பாடங்கள் மூன்றாயின. தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்று ஒன்றாகின. 2001 முதல் மொத்தப் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி வந்தது. இதைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு விளங்காமல் விட்ட அக்காமாருக்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு பாடத்தில் எல்லோரினதும் சராசரி 45, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 75 எடுத்தவளின் இசட் புள்ளி 2. வேறொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 20 என்றால் அதே 75க்குக் கிடைப்பது 1 மாத்திரமே. மூன்று பாடங்களினதும் இசட் புள்ளிகளின் சராசரியே பிள்ளையின் தலைவிதி. கடினமான வினாத்தாளில் நன்றாகச் செய்தவளுக்கு இதனால் நியாயம் கிடைக்கிறது. ஆனால் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை போய்விட்டால், அந்தக் குறையை மற்ற இரண்டினாலும் நிரப்புவது கடினம்.

முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். "பல்தேர்வில் சித்தியடைந்தால் பல் வைத்தியர்" என்று எங்கள் வகுப்புகளில் ஒரு பகிடி உண்டு. பகிடிக்குள் ஓர் உண்மையும் இருந்தது. அந்தப் பரீட்சை ஞாபகத்தையும் வேகத்தையும் அளந்ததேயன்றிக் கைகளை அளக்கவில்லை. இன்று கனடாவில் வாழும் பழைய மாணவியருக்கு, அங்கே பல் வைத்தியக் கற்கைக்கு விண்ணப்பிப்போர் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கிக் காட்டவேண்டியிருந்த காலம் தெரிந்திருக்கும். இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ளோரின் பிள்ளைகள் யூகற் என்ற தகைமைத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். தமிழ்நாட்டில் பல் மருத்துவத்துக்கும் இப்போது நீட் தேர்வே வழி. எங்கள் பிள்ளைகளின் கைகளுக்கு வேலை வந்தது பேராதனை போன பின்னர்தான். முதல் வருடங்களில் மெழுகில் பற்களைச் செதுக்கப் பழக்குவார்கள். கிடுகு பின்னியும் பன்பாய் இழைத்தும் பழகிய கைகளுக்கு அது அந்நியமாயிருக்கவில்லை. அந்நியமாயிருந்தவை ஆங்கிலமும் குளிரும் தூரமுந்தாம். தமிழில் இரசாயனம் படித்தவள் உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் தொடங்கவேண்டும். போர்க்காலத்தில் மட்டக்களப்புவரை புகையிரதம் ஓடாத வருடங்களும் இருந்தன. விடுமுறைக்கு வீடு வருவதே ஒரு பரீட்சையாயிருந்தது.

பட்டப் படிப்பு மட்டுமே வழியென்றும் இருக்கவில்லை. 1950களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவில் பாடசாலைப் பல் தாதியருக்கான பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. வெள்ளைச் சீருடையில் வந்து, நாவற்பழம் தின்று நீலமான எமது வாய்களைத் திறக்கச் சொன்ன அந்த மிஸ்மார்தான், பெண்ணொருத்தி பல் பார்க்கலாம் என்று எங்களுக்கு முதலில் காட்டியவர்கள். பயம் ஒருபுறமிருக்க, அவர்களைப் போல வரவேண்டும் என்ற ஆசையும் அந்தக் கதிரையிலேயே முளைத்தது.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். எமது வீடுகளில் வெற்றிலை வட்டா இல்லாத நல்ல காரியம் ஏது? வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்ந்த பழக்கம் வாய்ப் புற்றுநோயைத் தருகிறது. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் முன்னிற்பதும் அதுவே. வாயினுள் தோன்றும் வெள்ளை, சிவப்புத் தழும்புகளை ஆரம்பத்திலேயே கண்டால் உயிரைக் காப்பாற்றலாம். அதைக் காண்பவர் பெரும்பாலும் பல் வைத்தியர்தான். வேறு எவரிடமும் வாயைத் திறந்து காட்டாத எமது அம்மம்மாமார், தமிழில் "வாயைக் காட்டுங்க அம்மம்மா" என்று கேட்கும் எங்கள் பிள்ளைக்குக் காட்டுவார்கள். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் இடமல்ல.

ஆகவே உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியரிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று. உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குப் பெறுபேறு வந்தபின் பரிசளிப்பதைவிட, இரசாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியரில்லாத தவணையில் வகுப்பு நடத்த உதவுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கற்கைகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பும் நாளில், அத்துறையில் இருப்பவர்கள் அவளோடு தொலைபேசியிலாவது பேசுங்கள். அனுமதி கிடைத்து விரிவுரைகள் தொடங்கும்வரை காத்திருக்கும் மாதங்களில் அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். உங்களில் பல் வைத்தியராகவோ பாடசாலைப் பல் சிகிச்சையாளராகவோ பணியாற்றியவர்கள், படித்த வருடத்தையும் கடமையாற்றிய ஊர்களையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அவற்றைச் சேர்த்து உயர்தர வகுப்புச் சுவரில் மாட்ட எண்ணியுள்ளோம். அடுத்த முறை வெட்டுப்புள்ளி வரும்போது பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பட்டும்.