பால்மாக் காசும் பன்னிரண்டு மாதமும்

தாபரிப்பு வழக்கு எண்டாலே காசு கேக்கிற வழக்கு எண்டுதான் எங்கட ஊர்களில கதைப்போம். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது.

1889இல் பிரித்தானியர் கொண்டுவந்த தாபரிப்புக் கட்டளைச்சட்டம், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் செலவு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் தாயின் சொல் மட்டும் போதாது, அதை உறுதிப்படுத்தும் வேறு சாட்சியமும் வேண்டும். பிள்ளை பிறந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடவும் வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் தகப்பன் பிள்ளைக்குச் செலவு செய்திருந்தால் கெடு இல்லை. யோசிச்சுப் பாருங்கோ: பால்மாவுக்குக் காசு குடுத்தவன் பிறகும் மாட்டுவான், ஒரு சதமும் குடுக்காமல் ஒளிச்சுத் திரிஞ்சவன் தப்பிவிடுவான்!

110 வருடங்களுக்குப் பிறகு, 1999இன் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழையதை நீக்கியது. 12 மாதக் கெடு போனது. பெற்றோர் யார் என்பதற்கு நீதவான் திருப்திப்படும் வலுவான சாட்சியம் கேட்கப்பட்டது. வசதியிருந்தால் தாய்க்கும் கடமை உண்டு என்றானது.

பிள்ளையைப் பார்க்கிற உரிமை? அதைப் பற்றி இந்தச் சட்டம் பேசவில்லை. பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டமோ, மணமாகாத தாயையே பிள்ளையின் பாதுகாவலராகக் கொள்கிறது.

அடிச்சவனிட்டப் பிள்ளையைக் குடுக்கச் சொல்லி நாங்கள் கேக்கேல்ல. யார் தகப்பன், எவ்வளவு கொடுப்பது, எப்போது பார்ப்பது என்ற மூன்றையும் பிள்ளையின் நலனை வைத்து ஒரே வழக்கில் தீர்க்க வேண்டும் என்கிறோம். மாதாமாதம் காசு மட்டும் வந்து சேரும் பிள்ளைக்கு, அது யாருடைய காசு என்று அறியவும் உரிமை இருக்கிறது.