கடலுக்குப் போற தண்ணி வீணா?

போன ஐப்பசியில் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். நல்ல மழை. செம்மண் கரைந்து ஓடிய ஓடையைக் காட்டி மாமா சொன்னார்: "பாரு மாப்ள, இவ்ளோ தண்ணியும் வீணா கடலுக்குத்தான் போவுது."

நானும் தலையாட்டினேன். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியின் நீர், அணைக்கு மிஞ்சியது, வெள்ளாறு வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அது வீண் என்றுதான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்பியிருந்தேன். மீஞ்சூர் கதையைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குள் நல்ல தண்ணீர் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆய்வு நடந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் பகுதிகளில் கிணறுகள் போட்டு நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயிகளும் பம்புசெட் போட்டு இறைத்தார்கள். 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்புநீர், 1987இல் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது.

ஏன்? கணக்கு எளிது. நல்ல நீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. கனமான உப்புநீரின்மேல் நல்ல நீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே சொன்னார்கள். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: மேலே 1 மீட்டர் இறைத்தால், நாளடைவில் கீழே உப்பு 40 மீட்டர் ஏறும். நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே போதும், உப்புச் சுவை தெரிய ஆரம்பித்துவிடும்.

1987இல் நிலத்தடி நீரை முறைப்படுத்தச் சென்னைப் பெருநகருக்கென்று சட்டமும் வந்தது. ஆனாலும் 2000களின் தொடக்கத்து வறட்சியில், அந்த வடபகுதி வயல் கிணறுகளின் நீரை விலைக்கு வாங்கித்தான் சென்னை சமாளித்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லாரி வந்ததும் குடத்தோடு ஓடியவர்களில் நானும் ஒருத்தன். எந்த ஊர்க் கிணத்துத் தண்ணின்னு ஒருநாளும் கேட்டதில்லை.

2010இல் அதே மீஞ்சூர் பக்கம், காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறந்தார்கள். மணல் சும்மா காத்துவைத்திருந்த நல்ல தண்ணீருக்குப் பதில், இப்போது மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரிக்கிறோம்.

அணை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கோமுகிப் பாசனத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஆறு கடல்வரை ஓடும்போது வழியெல்லாம் மணலுக்குள் இறங்கி, கரையோரக் கிணறுகளுக்குக் காவல் நிற்கிறது. அடுத்தமுறை மாமா அதே பேச்சை எடுத்தால் இதைத்தான் சொல்லப்போகிறேன்: "வீண் இல்ல மாமா, பரங்கிப்பேட்டைக்காரன் கிணத்துக்குப் போவுது."