கொடுத்த மாளிகையே நின்றது

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் முகப்பில் நிற்கும் பெருந்தூண்களைச் சுட்டி, 'இவை பர்மாத் தேக்கு' எனப் பெரியோர் பெருமிதத்துடன் கூறுவதை நம்மிற் பலர் கேட்டிருத்தல் கூடும். அத்தேக்கு வளர்ந்த நாட்டார் அதன் மிகச் சிறந்த மரங்களைக் கொண்டு யாது செய்தனர் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அவர் அவற்றைத் தம் அரசர்க்கு அரண்மனையும், தம் துறவியர்க்கு மடமும் ஆக்கினர். அவ்விரண்டனுள் எது நிலைத்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பர்மிய மொழியில் மடத்திற்குச் 'சௌங்' என்று பெயர். பள்ளிக்கூடத்திற்கும் அதுவே பெயர். நம் மொழியிற் 'பள்ளி' என்னுஞ் சொல் சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும் கல்விச்சாலையையும் ஒருங்கே குறித்தலை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். ஊர்தோறும் சிறுவர்கள் அம்மடங்களிலே துறவியர்பால் எழுத்தறிந்தனர். ஆங்கிலேயர் குடிக்கணக்கு எடுத்த காலத்தில், எழுத்தறிந்த ஆடவர் தொகையில் பர்மா இந்திய மாகாணங்களினும் மேம்பட்டு விளங்கியதற்கு இதுவே காரணம்.

இனி, மடத்தின் அமைப்பைக் காண்போம். தேக்கந்தூண்களின்மேல் நிலத்தினின்று உயர்த்திய அகன்ற மேடையொன்று. அதற்கு ஏறச் செங்கல்லுஞ் சுண்ணமுங் கொண்டு கட்டிய படிகள். மேடைமீது கிழக்கு மேற்காக வரிசையுற நிற்பன நான்கு பகுதிகள். கிழக்கே புத்தர் திருவுருவம் எழுந்தருளிய கோயில், அடுத்து இடைக்கூடம், அதன்பின் துறவியர் உறைதற்கும் மாணாக்கர் ஓதுதற்கும் உரிய பெருமண்டபம், மேற்கே பண்டசாலை. கோயிலின்மேல் அடுக்கடுக்காகக் குறுகி உயரும் கூரையைப் 'பியாத்தத்' என்பர். இது 'பிராசாதம்' என்னும் வடசொல்லின் சிதைவு. இத்தகைய கூரையும் பொற்பூச்சும் அரசர்க்கும் சமயத்திற்குமே உரியன. செல்வர் எத்துணைப் பொருள் படைத்திருப்பினும் தம் வீட்டிற்கு அவற்றை அமைத்தல் முறையன்று என விலக்கப்பட்டிருந்தது.

ஆவா நகரத்துப் பாகயா மடம் 1834ஆம் ஆண்டில் எழுந்தது. அதனைத் தாங்குவன 267 தேக்கந்தூண்கள். அவற்றுட் பெரியது 60 அடி உயரமும் 9 அடி சுற்றளவும் உடையது. கதவு, சுவர்ப்பலகை, கூரை விளிம்பு ஆகிய எல்லாவிடத்தும் தச்சரின் உளி தவழ்ந்திருக்கும். கொடிப்பின்னலும் மயிலும் தேவரும் புத்தரின் முற்பிறப்புக் கதைகளும் அங்கே மரத்தில் உயிர்பெறும். எழுதப் படிக்க அறியாதாரும் அக்கதைகளைக் கண்ணாற் கற்றனர்.

தேக்கு தன்னுள் எண்ணெய்ப் பசையுடைமையால் செல்லுக்கும் மழைக்கும் எளிதில் அழியாது. தீ ஒன்றற்கே தோற்கும். மிண்டோன் மன்னர் மாண்டலே நகரில் 1857இல் எடுப்பித்த அதுமஷி மடம் 1890இல் தீக்கிரையாயிற்று. அத்தகைய அழிவுக்குத் தப்பிய ஒரு கட்டடத்தின் கதையே ஈண்டு நாம் சிறப்பாக உணர வேண்டுவது.

மிண்டோன் மன்னர் அமரபுரத்தை விட்டு மாண்டலேக்குத் தலைநகரை மாற்றியபொழுது, பழைய அரண்மனையின் மரக்கட்டடங்களையும் பிரித்து யானைகளின் துணையாற் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்று அவர் வாழ்ந்த பொன்மாளிகை. 1878இல் அவர் அதிலேயே உயிர் நீத்தார். அவர்க்குப்பின் அரசேறிய திபா மன்னர், தந்தையின் ஆவி அங்கு உலவுகின்றதென அஞ்சினார் என்பர். ஆகவே அம்மாளிகையைத் தூண் தூணாகப் பிரித்து, அரண்மனை மதிலுக்குப் புறத்தே, மாண்டலேக் குன்றின் அருகில் மீண்டும் அமைத்துத் துறவியர்க்கு ஈந்தார். அதுவே ஷ்வேநந்தோ மடம்.

பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. தேக்கு வெட்டிய ஆங்கில வாணிகக் குழு ஒன்றன்மீது, மரக்கணக்கில் வஞ்சித்தது எனத் திபாவின் அவை 23 இலட்சம் ரூபாய்க்குமேல் தண்டம் விதித்தது. அவ்வழக்கே போருக்கு உடனடிக் காரணமாயிற்று. 1885 நவம்பரில் மாண்டலே வீழ்ந்தது. அரசர் முதலிற் சென்னைக்கும், பின்னர் இரத்தினகிரிக்கும் கொண்டு செல்லப்பட்டு, 1916இல் ஆண்டே மறைந்தார். 1945 மார்ச்சில், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சிலும் தீயிலும் அவருடைய அரண்மனை முழுவதும் வெந்து சாம்பராயிற்று. இன்று அவ்விடத்திற் காண்பது 1990களில் எழுப்பிய புதுக்கட்டடமே.

அரண்மனைப் பெருமாளிகைகளுள் எஞ்சியது மதிலுக்குப் புறத்தே துறவியர்க்கு ஈந்த அம்மாளிகை ஒன்றே. புறத்தே பூசிய பொன்னை மழையும் வெயிலும் கவர்ந்தன. அகத்தே பொன்னும் சிற்பமும் எஞ்சின. உலக நினைவுச்சின்ன நிதியத்தார் அண்மைக்காலத்தில் அதன் சிதைவுகளைச் செப்பனிட்டனர். பர்மிய அரசரின் மர அரண்மனை எவ்வாறிருந்தது என்றறிய விழையும் அறிஞரெல்லாம் அம்மடத்தின் வாயிலையே அடைகின்றனர்.

அன்பர்களே! திபா மன்னர் அருளால் ஈந்தாரல்லர், அச்சத்தால் ஈந்தார். ஆயினும் அவர் தமக்கென வைத்துக்கொண்டது ஒன்றும் நில்லாமல், கைவிட்டுக் கொடுத்தது நின்றது. அச்சத்தாற் செய்த ஈகைக்கே இத்துணை உறுதி உண்டெனின், அன்பாற் செய்யும் ஈகைக்கு அளவு கூறவும் வேண்டுமோ? நம் வீட்டுத் தேக்கந்தூண்களைத் தொட்டுப் பார்க்குந்தோறும், நம் செல்வத்துட் சிறு பகுதியேனும் ஊர்ச் சிறுவர் கல்வி பயிலும் பள்ளிக்குத் தூணாயிற்றா என்று நம்மை நாமே வினவிக் கொள்வோமாக.