தூண்டத்தக்க மரபணு வெளிப்பாடு

தூண்டத்தக்க மரபணு வெளிப்பாடு என்பது, உயிரணுவினுள் செலுத்தப்பட்ட மரபணுவை ஆய்வாளர் விரும்பும் நேரத்தில் மட்டும் இயங்கச் செய்யும் மூலக்கூற்று உயிரியல் முறை ஆகும். உயிரணுப் பெருக்கத்தை நிறுத்தும் மரபணுக்களை ஆராய இம்முறை பெரிதும் பயன்படுகிறது. பி53, பி21, பி.ஆர்.சி.ஏ.1 ஆகியன இத்தகைய மரபணுக்களுள் சில. இவற்றுள் பி53, பி.ஆர்.சி.ஏ.1 ஆகியன பழுதடைந்தால் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது.

தேவை

புதிய மரபணுவை ஏற்ற உயிரணுக்களைப் பிரித்தெடுக்க, அதனுடன் மருந்து எதிர்ப்பு மரபணு ஒன்றும் செலுத்தப்படும். மருந்திட்ட வளர்ப்பூடகத்தில் பெருகுபவை தெரிந்தெடுக்கப்படும். பெருக்கத்தை நிறுத்தும் மரபணுவுக்கு இவ்வழி பொருந்தாது. அம்மரபணு சரியாக இயங்கும் உயிரணுக்கள் பெருகா; அதனை இழந்தவையும் சிதைந்த வடிவில் பெற்றவையுமே எஞ்சும். எனவே உயிரணுக்கள் போதிய அளவு பெருகும் வரை மரபணு இயங்காதிருத்தல் வேண்டும்.

இயங்குமுறை

1992 இல் மான்பிரெட் கோசன், எர்மான் புசார்டு ஆகியோர் டெட்ராசைக்ளின் முறையை வெளியிட்டனர். எசரிக்கியா கோலை பாக்டீரியாவின் டெட் அடக்கிப் புரதத்துடன், எர்ப்பீசு தீநுண்மியின் விபி16 புரதத்தின் ஒரு பகுதி இதில் இணைக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் உள்ளவரை இக்கலப்புப் புரதம் டி.என்.ஏ.வுடன் பிணையாது, மருந்தை நீக்கினால் பிணைந்து மரபணுவை இயக்கும். இதற்கு நேர்மாறாக, டாக்சிசைக்ளின் இட்டால் இயங்கும் வடிவம் 1995 இல் வெளியானது.

வடிவமைப்பில் கவனிக்கவேண்டியவை

* கசிவு: தூண்டாத நிலையிலும் மரபணு சிறிதளவு இயங்கினால், அதனை இழந்த உயிரணுக்களே நாளடைவில் மிகும்.
* மருந்தின் விளைவு: டாக்சிசைக்ளின் மைட்டோகாண்டிரியாவின் புரத உற்பத்தியைத் தடுக்கக்கூடியது. ஆகவே ஆய்வு மரபணு இல்லாத உயிரணுக்களுக்கும் அதே அளவு மருந்திட்டு ஒப்பிடவேண்டும்.
* மிகை உற்பத்தி: அளவுக்கு மீறிய எப்புரதமும் உயிரணுவை நலிவுறச் செய்யலாம். எனவே செயலிழந்த திரிபு மரபணுவும் உடன் சோதிக்கப்படும்.

தற்காலிக வெளிப்பாடு

நிலையான உயிரணு வழி தேவைப்படாதபோது, மரபணுவைத் தற்காலிகமாகச் செலுத்தி ஓரிரு நாட்களில் விளைவை அளப்பதும் உண்டு. குமாரவேல் சோமசுந்தரம், வாஃபிக் எல்-தெய்ரி உள்ளிட்டோர் 1997 இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டு. பி.ஆர்.சி.ஏ.1 செலுத்தப்பட்ட புற்றுநோய் உயிரணுக்கள் டி.என்.ஏ. இரட்டிப்பு நிலைக்குள் நுழைவது தடைப்பட்டது. பி21 மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களில் இத்தடை ஏற்படவில்லை. புற்றுநோயாளிகளிடம் காணப்படும் திரிபு வடிவங்களிலும் தடுக்கும் திறன் குன்றியிருந்தது. இதன்மூலம் பி.ஆர்.சி.ஏ.1 பெருக்கத்தை நிறுத்துவதற்கு பி21 தேவை என்பது நிறுவப்பட்டது. சோமசுந்தரம் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, மூளைப் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டார்.