எல்லிஸ் தீவு: அமெரிக்காவின் வாசலில் நடந்த சோதனை

நியூயார்க் துறைமுகத்தில், சுதந்திர தேவி சிலைக்கு அருகே உள்ள எல்லிஸ் தீவில் 1892 முதல் 1954 வரை அமெரிக்க மத்திய அரசின் குடியேற்றச் சோதனை நிலையம் இயங்கியது. இந்த 62 ஆண்டுகளில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் இதன் வழியாக அமெரிக்காவுக்குள் சென்றனர். இத்தாலியிலிருந்தும், ரஷ்ய, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுகளிலிருந்தும் வந்த ஏழைகளே அவர்களில் அதிகம். நிலத்தையும் வீட்டுச் சாமானையும் விற்றுக் கப்பல் ஏறிய பலருக்கு, திருப்பி அனுப்பப்பட்டால் போய்ச் சேர ஊரில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

எல்லிஸ் தீவுக்கு முன்பு, 1855 முதல், மன்ஹாட்டனின் தென்முனையில் இருந்த காசில் கார்டனில் நியூயார்க் மாநில அரசு குடியேறுவோரைப் பதிவு செய்துவந்தது. அங்கே கெடுபிடி குறைவு. 1882ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளிகளையும், மனநலம் குன்றியவர்களையும், பிழைக்க வழியின்றி அரசுக்குச் சுமையாகக்கூடியவர்களையும் தடுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுநோய் உள்ளவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. தடுக்கப்பட்டவர்களைத் தன் செலவிலேயே திருப்பி அழைத்துச் செல்லும் பொறுப்பைக் கப்பல் நிறுவனத்தின் மேல் சுமத்தியது. இதனால் ஹாம்பர்க், நேப்பிள்ஸ் போன்ற துறைமுகங்களில் நிறுவனங்களே பயணிகளைப் பரிசோதிக்கத் தொடங்கின. பயணியின் கலக்கம் கப்பல் புறப்படும் முன்பே தொடங்கிவிட்டது.

எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. முதலில் பதிவு செய்யப்பட்டவர், இரண்டு தம்பிகளுடன் அயர்லாந்திலிருந்து வந்த ஆனி மூர் என்ற இளம்பெண். மரத்தால் கட்டிய அந்தக் கட்டடம் 1897 ஜூன் 15 அன்று தீக்கிரையானது. உயிர்ச்சேதம் இல்லை; ஆனால் 1855 முதல் சேர்த்துவைத்த ஆவணங்கள் அழிந்தன. செங்கல்லால் கட்டிய புதிய கட்டடம் 1900 டிசம்பரில் திறக்கப்பட்டது.

சோதனை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்தவர்கள்தான் உடையில் எண் அட்டை குத்தப்பட்டு, சிறு படகுகளில் தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். மூட்டை முடிச்சுகளைக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டு மேலே போகச் சொன்னால், களவு போய்விடுமோ என்று பயந்து பலர் அவற்றைச் சுமந்துகொண்டே மாடிப்படி ஏறினார்கள். அங்கேயே முதல் சோதனை நடந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் கால் தாங்கி நடக்கிறார் என்று மருத்துவர்கள் மேலிருந்து கவனித்தார்கள். ஒருவரைப் பார்க்கச் சில நொடிகளே ஆகும். ஐயம் எழுந்தால் அவருடைய சட்டையில் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து எழுதப்படும்: இதயக் கோளாறுக்கு ‘எச்’, கண்ணுக்கு ‘ஈ’, மனநலத்துக்கு ‘எக்ஸ்’. எழுத்தின் பொருள் அதைச் சுமந்தவருக்குப் புரியாது. கூட்டத்திலிருந்து தனியே பிரிக்கப்படும்போதுதான் நெஞ்சு பதறும். எல்லாரும் மிக அஞ்சியது கண் சோதனைக்கு. டிரக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று அறிய, பொத்தான் மாட்டும் கொக்கியால்கூட இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த நோய் இருந்தால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். குழந்தைக்கு அனுமதி மறுக்கப்பட்டால், உடன் செல்லப் போவது தாயா தந்தையா என்று குடும்பம் அங்கேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மருத்துவச் சோதனையைக் கடந்தவர்கள் 200 அடி நீளமும் 100 அடி அகலமும் கொண்ட பதிவு மண்டபத்தில் காத்திருந்தார்கள். பெயர், வயது, தொழில், கையில் உள்ள பணம், போகும் இடம் என்று கப்பல் பட்டியலில் பதிந்திருந்த விவரங்களை அதிகாரி மீண்டும் கேட்டுச் சரிபார்த்தார். வேலை பற்றிய கேள்விதான் சிக்கலானது. வேலை காத்திருக்கிறது என்றால், ஒப்பந்தக் கூலிகளைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். பிழைக்க வழியே இல்லை என்று தோன்றினாலோ அரசுக்குச் சுமை என்ற பிரிவு பாயும். தனியாக வந்த பெண்களை, கணவரோ உறவினரோ வந்து அழைத்துச் செல்லும்வரை தீவிலேயே நிறுத்திவைத்தார்கள்.

இந்த இடத்தில் பயணிக்குத் துணை மொழிபெயர்ப்பாளர்களே. பிற்காலத்தில் நியூயார்க் மேயரான ஃபியரெல்லோ லா கார்டியா 1907 முதல் 1910 வரை இங்கே அந்தப் பணியில் இருந்தார். மொழி தெரியாதவர்களை மூடர்கள் என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதற்காக, ஹோவர்ட் நாக்ஸ் என்ற மருத்துவர் பேச்சே தேவைப்படாத மரத்துண்டுப் புதிர்களை உருவாக்கினார். பயணிகளை ஏமாற்றிய பணமாற்றுக்காரர்களையும் முரட்டு ஊழியர்களையும், 1902இல் பொறுப்பேற்ற ஆணையர் வில்லியம் வில்லியம்ஸ் ஒடுக்கினார். அதே வில்லியம்ஸ் 1909இல் மீண்டும் பதவிக்கு வந்தபோது, கையில் 25 டாலராவது இருக்க வேண்டும் என்று விதித்து ஏழைகளைத் திகைக்க வைத்தார்.

புது நாட்டின் முதல் அனுபவமும் பலருக்கு இந்தத் தீவில்தான் கிடைத்தது. வெள்ளை ரொட்டி, ஐஸ்கிரீம், வாழைப்பழம் ஆகியவற்றை முதன்முறையாக இங்கே சுவைத்தவர்கள் உண்டு. உரிக்கத் தெரியாமல் வாழைப்பழத்தைத் தோலோடு கடித்ததைப் பிற்காலத்தில் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அதிகாரிகள் பெயர்களை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் வழங்கும் கதைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. பெயர்ப்பட்டியல் கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரானது. பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறிய பிறகு தாங்களாகவே அப்படிச் செய்தவர்கள்.

10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த 1907ஆம் ஆண்டே இந்த நிலையத்தின் உச்சம். பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஐந்தில் ஒருவர் நிறுத்திவைக்கப்பட்டாலும், இறுதியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 100க்கு 2 பேர் அளவே. ஆனாலும் அச்சம் எல்லாரையும் பற்றியிருந்தது. எந்தப் பதில் சரி, எந்தக் குறி ஆபத்து என்று யாருக்கும் தெரியாததே அதற்குக் காரணம். ‘கண்ணீர்த் தீவு’ என்ற பெயர் பல மொழிகளில் பரவியதும் அதனால்தான்.

1917ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வைக் கட்டாயமாக்கியது. இந்தியா உள்ளிட்ட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து குடியேறுவதையே தடுத்தது. 1921, 1924ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடுவாரியாக ஒதுக்கீடு விதித்தன. சோதனை தூதரகங்களுக்கு மாறியது. விசா பெற்ற பிறகே கப்பல் ஏற முடிந்தது. அதன்பின் தடுப்புக்காவல் இடமாகச் சுருங்கிய எல்லிஸ் தீவு நிலையம் 1954 நவம்பரில் மூடப்பட்டது. 1990இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கடலைக் கடந்து வந்தவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பும் கொடுமை 1924ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பெருமளவு குறைந்தது. ஆனால் முன்பு வாசல்வரை வந்துவிட முடிந்த ஏழைகளில் மிகப் பலருக்கு, அதே சட்டம் புறப்படும் வாய்ப்பையே இல்லாமல் ஆக்கியது.