பேர்பன் விஸ்கி குளிர்காலத்துக்கு மட்டும்தானா?

ஆவணி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த மச்சான், விமான நிலையத்தில் வாங்கிய பேர்பன் விஸ்கிப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார். கரண்ட் இல்லாத மத்தியானம். "உது குளிர் நாட்டுச் சாமான். இந்த வெயிலுக்குக் குடிச்சா உடம்பு கொதிக்கும்" என்றார் பெரியப்பா. "அங்க கோடையிலயும் ஐஸ் போட்டுக் குடிக்கிறவை, பெரியப்பா" என்றார் மச்சான். யார் சொல்வது சரி என்று தேடிப் படித்தேன். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருந்தது.

வெயிலில் முதிரும் மது

பேர்பன் அமெரிக்காவில் செய்யப்படும் விஸ்கி. அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 வீதம் சோளம் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலனில்தான் அதை வைக்க வேண்டும். போத்தலில் அடைக்கும்போது மதுசாரம் 40 வீதத்துக்குக் குறையக் கூடாது. 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் தமது நாட்டுக்கே உரிய தனித்துவமான உற்பத்தி என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இதன் பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்தில் தயாராகிறது. அது எப்போதும் குளிரான இடமல்ல. ஆடி மாதத்தில் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும். தை மாதத்து இரவுகளில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். வெக்கையில் மது விரிந்து பீப்பாய் மரத்துக்குள் ஊறும், குளிரில் சுருங்கி வெளியே வரும். அப்படிப் போய் வரும்போதுதான் நிறமும் வனிலா போன்ற மணமும் அதில் சேர்கின்றன. பல மாடிக் களஞ்சியங்களில் மேல்மாடிப் பீப்பாய்கள் கூடுதல் வெக்கையில் வேகமாக முதிர்கின்றன. ஸ்கொட்லாந்தின் குளிரில் இதே வேலை மெதுவாகவே நடக்கிறது. ஆகவே பேர்பனின் சுவையில் கோடைக்கும் பங்கு உண்டு.

குடிக்கும் முறையிலும் அப்படித்தான். கென்டக்கியின் பெயர்பெற்ற பானம் மின்ட் ஜூலெப். பேர்பன், சீனி, புதினா இலை ஆகியவற்றின் மேல் நொறுக்கிய ஐஸ் நிரப்பிக் கொடுப்பார்கள். 1875இல் தொடங்கிய கென்டக்கி டேர்பி குதிரைப் பந்தயத்தோடு அது இணைந்துவிட்டது. அந்தப் பந்தயம் நடப்பது மே மாதத்தில். ஐஸ் உருக உருக மது ஐதாகிறது. மச்சான் சொன்னது இந்த அளவில் சரி.

குளிர்காலப் பானமும் பனங்கள்ளும்

குளிர்காலத்தில் விஸ்கியோடு வெந்நீர், தேன், எலுமிச்சை சேர்த்துக் குடிக்கும் பானத்துக்கு ஹொட் டொடி என்று பெயர். டொடி என்ற ஆங்கிலச் சொல் பனங்கள்ளைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லான தாடியிலிருந்து வந்தது. வெயில் நாட்டுப் பனைமரத்தின் பெயரைத்தான் பனி நாட்டுப் பானம் சுமக்கிறது.

எங்கள் பனங்கள்ளைப் பேர்பனோடு ஒப்பிடுவதற்கு ஒரு கணக்குப் போதும். கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். 45 மில்லிலீற்றர் பேர்பனில் உள்ள மதுசாரம் 18 மில்லிலீற்றர். அதே அளவு மதுசாரம் கள்ளில் கிடைக்க 360 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். பிளாவில் கள்ளுக் குடித்துப் பழகிய கை, அதே வேகத்தில் விஸ்கியை ஊற்றினால் விளைவு வேறாகிவிடும்.

உடலுக்குள் நடப்பது

மதுசாரம் தோலுக்கு அருகிலுள்ள குருதிக் குழாய்களை விரிக்கிறது. சூடான குருதி தோலுக்கு வருவதால் உடல் சூடேறுவதுபோல் உணர்கிறோம். உண்மையில் உடலின் உட்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுக்கமும் குறைந்துவிடும். குளிருக்கு விஸ்கி நல்லது என்ற நம்பிக்கை அதனால்தான் ஆபத்தானது. கனடாவின் பனியில் குடித்துவிட்டு வெளியே நிற்பவர் தான் உறைவதை உணராமல் போகலாம்.

வெயிலில் சிக்கல் வேறு. உடலில் நீரைத் தேக்கி வைக்கும் வாசோபிரெசின் என்ற ஓமோனை மதுசாரம் அடக்குகிறது. சலம் அதிகமாகப் போகும். ஏற்கனவே வியர்வையால் நீரை இழந்தவர் இன்னும் வறண்டுபோவார். தலைசுற்று, மயக்கம் வரும். வெயில் அடித்து விழுந்தவரை, வெறியில் கிடக்கிறார் என்று மற்றவர்கள் விட்டுவிடுவதும் உண்டு. உடம்பு கொதிக்கும் என்று பெரியப்பா சொன்ன காரணம் பிழை. வெயிலுக்குக் கூடாது என்ற எச்சரிக்கை சரி.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்

போரைக் கடந்து வந்த எங்கள் ஊர்களில் மது வெறும் சுவைப் பேச்சல்ல. பகல் முழுதும் வெயிலில் வேலை செய்துவிட்டு நோவுக்காகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய நினைவுகளால் நித்திரை வராமல் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். மது விரைவில் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பிற்பாதியில் நித்திரையைக் குலைக்கும். வெக்கையான இரவில் அது இன்னும் மோசமாகும்.

நித்திரைக் குளிசை, கடுமையான வலிநிவாரணி எடுப்பவர்கள் மது குடித்தால் மூச்சு மந்தமாகலாம். சலம் போவதற்கான குளிசையை உயர் குருதி அமுக்கத்துக்காக எடுப்பவர்களுக்கு நீரிழப்பு இரட்டிப்பாகும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இவர்கள் வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்பதே நல்லது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குடிக்காதவர் தொடங்குவதற்குக் குளிரும் காரணமல்ல, வெயிலும் காரணமல்ல.

குடிப்பவர் கவனிக்க வேண்டியவை சில. வேலை முடிந்தவுடன் முதலில் வயிறாரத் தண்ணீர் குடியுங்கள். வெயில் தாழட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். அளந்து ஊற்றுங்கள், தண்ணீரோ ஐஸோ நிறையச் சேருங்கள். அதன் பிறகு வாகனத்தையோ, கடலையோ, கிணற்றடியையோ நாட வேண்டாம்.

அன்று பெரியப்பா குருதி அமுக்கத்துக்குக் குளிசை எடுப்பவர் என்பதால் மோர் குடித்தார். மச்சான் போத்தலைத் திறக்காமல் அலுமாரியில் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு செம்பு மோர் கேட்டார்.